வீட்டுக் காசை மறித்தவன்

கொடும்பாவிக்கு முதல் அடி ஸுலைஹாதான் அடித்தாள். விளக்குமாற்றால்.

வைக்கோல் அடைத்து, பழைய காற்சட்டை மாட்டி, கழுத்தில் ஒரு மட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மட்டையில் ‘அச்சிமுகம்மது’ என்று எழுதியிருந்தது.

அச்சிமுகம்மது கொழும்பில் பெரிய அதிகாரி. அரசாங்கக் காசு எந்த வேலைக்குப் போவதென்றாலும் அவர் கையெழுத்து வேண்டும். பிறந்தது அட்டாளைச்சேனை. சுனாமி வீட்டுக் காசை இரண்டு வருஷமாக விடாமல் வைத்திருந்தார். நம்ம பக்கத்து ஆளே இப்படிச் செய்தால் அடிக்காமல் என்ன செய்வது?

“ஏனாம் விடல்ல?” என்று கேட்டாள் பக்கத்துத் தகரக் கொட்டில் சுஹறா.

“படிவம் பிழையாம்,” என்றான் றஸாக். ஸுலைஹாவின் புருசன். அகதி முகாம் கமிட்டித் தலைவரும் அவன்தான். கொழும்புக் கடிதமெல்லாம் சிங்களத்தில் வரும். வாசித்துச் சொல்ல அவனை விட்டால் முகாமில் ஆளில்லை.

“கடல் என்ன படிவம் பாத்துட்டா வந்த?” என்றாள் ஸுலைஹா.

எல்லாரும் சிரித்தார்கள்.

“அவன் போன கந்தோரெல்லாம் கரச்சல்தான்,” என்றான் றஸாக். “அமைச்சர்மார்ர வாகனக் காசையும் மறிச்சவனாம். மூணு இடம் மாத்திட்டாங்க. பேப்பர்லயும் கிழிச்சிரிக்காங்க.”

“அமைச்சர்ர வாகனத்த மறிச்சா நல்லந்தானே,” என்றாள் சுஹறா.

“ஒனக்கு வீடு வேணுமா, ஞாயம் வேணுமா?”

சுஹறா விளக்குமாற்றை வாங்கித் தானும் ஒரு அடி அடித்தாள்.

ஸுலைஹாவுக்கு வீடுதான் வேண்டும். வாப்பா சீதனமாகக் கொடுத்த கல்வீடு கடலோடு போய்விட்டது. மகள் றாஹிலாவுக்கு இருபத்திரண்டு வயது. இந்தப் பக்கத்தில் வீடில்லாத பெண்ணை யாரும் கட்டமாட்டார்கள். நிந்தவூரில் ஒரு மாப்பிள்ளை பேசி வைத்திருந்தது. “வீட்ட புள்ளைக்கு எழுதுற அண்டைக்கே கலியாணக் காவினும் எழுதுவம்,” என்று மாப்பிள்ளையின் உம்மா சொல்லிவிட்டாள். அந்த உம்மாவும் எத்தனை வருஷம் காத்திருப்பாள்?

அன்று பின்னேரமே பெட்டிசம் எழுதினார்கள். லஞ்சம் கேட்கிறான் என்றும் ஒரு வரி சேர்த்தார்கள்.

“கேட்டவனா?” என்றாள் சுஹறா.

“கேக்காமலா மறிக்கான்?” என்றாள் ஸுலைஹா. முதல் கையெழுத்தும் அவளுடையதுதான்.

மூன்று மாதத்தில் அச்சிமுகம்மதுவின் வேலையை நிறுத்தி விசாரணை வைத்தார்கள். ஸுலைஹா வட்டிலப்பம் அவித்து முகாம் முழுக்கக் கொடுத்தாள். அவர் பிள்ளைகளுடைய பள்ளிக்கூடத்திலும் ‘கள்ளன்ட பிள்ளைகள்’ என்று கூப்பிடுகிறார்களாம் என்று யாரோ சொன்னார்கள். “கூப்பிடட்டும்,” என்றாள்.

காசு வந்தது. வீடு கட்டி முடிய யுத்தமும் முடிந்தது. கொடி கட்டி, மேடை போட்டு, ஒரு அமைச்சர் வந்து வீட்டுச் சாவியும் உறுதிப் பத்திரமும் கொடுத்தார். றஸாக் மேடையேறி வாங்கினான். போட்டோவும் எடுத்தார்கள்.

நாலாம் நாள் காலை றஸாக் சொன்னான். “வீட்ட விக்கப் போறன்.”

“என்ட வீட்டயா?”

“உறுதிப் பத்திரத்தில ஆர்ர பேர் இரிக்கெண்டு பாரு. கல்முனையில ஒரு கடை பாத்திரிக்கன்.”

“அப்ப புள்ளட கலியாணம்?”

“கடை ஓடினா வீடு தானா வரும்.”

“நிந்தவூர்க்காரங்க அதுவரைக்கும் நிப்பாங்களா?”

“நிக்காட்டிப் போகட்டும். அவன் மட்டுமா மாப்பிள?”

றாஹிலா குசினிக்குள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஸுலைஹா உறுதியை எடுத்துக்கொண்டு பிரதேசச் செயலகக் கந்தோருக்கு ஓடினாள். அங்கே தர்சினி என்று ஒரு கிளாக்கர் இருந்தாள். இந்த வீட்டு வேலையெல்லாம் ஆரம்பத்திலிருந்தே அவள் மேசைதான்.

“தங்கச்சி, பேர் மாறி எழுதிட்டிங்க. கடல்ல போனது என்ட சீதன வீடு. என்ட பேருக்கு மாத்தித் தாங்க.”

தர்சினி உறுதியைப் பார்த்தாள். “மாறி எழுதல்ல அக்கா. படிவத்தில குடும்பத் தலைவர்ர பேர்தான் கேட்டிருந்தது. அதில எல்லா இடத்திலயும் ஆம்புளையள்ட பேர்தான். உறுதியும் அப்பிடியே வந்திட்டு. இனி மாத்தேலாது.”

“வாப்பா எனக்குத் தந்த வீட்டுக்குப் பதிலாத்தானே இந்த வீடு? அத எப்பிடி அவருக்கு எழுதுவிங்க?”

“ஓம் அக்கா, எனக்கும் விளங்குது. நான் என்ன செய்ய?”

ஸுலைஹா கேட்டாள். “இந்த அநியாயத்தக் கேக்க கொழும்பில ஒரு மனுசனும் இல்லயா?”

“கேட்டவர் அக்கா. மூண்டு கடிதம் போட்டவர். மூண்டையும் முகாமில வாசிக்கிறன் எண்டு உங்கட அவர்தான் கையெழுத்து வெச்சு எடுத்துப் போனார்.”

“என்ன கடிதம்?”

“படிவம் பிழை, அழிஞ்சது பொம்புளையள்ட வீடு, அவங்கட பேர்ல எழுதும் வரைக்கும் ஒரு சதமும் விடமாட்டன் எண்டு அச்சிமுகம்மது சேர் போட்ட கடிதம்.”