சுத்தமான கோடு

"ஒருவழியா அந்தக் கருவி உருப்பட்டுச்சு" என்றார் டைரக்டர், திரையைப் பார்த்தபடி.

அவள் அப்போதுதான் பதினாறு நாள் விடுப்பு முடிந்து ஊரிலிருந்து வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நிலநடுக்க அதிர்வு மேற்குப் பக்கத்துக் கெட்டிப் பாறையில் வெகுதூரம் போகும். கிழக்கே விரிசல் விட்ட பாறையில் சீக்கிரமே அடங்கிவிடும். ஒரு பாறை முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று காட்டக்கூடிய ஒரே கருவி, அந்த எல்லையில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தது. அதில் எந்நேரமும் யாரோ நடக்கும் அதிர்வுதான் பதிவாகும். அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை அனுப்புவது அவள் வேலை.

"நேத்து வந்த நடுக்கம் எவ்வளவு தெளிவா பதிஞ்சிருக்கு பாரு. இனிமே உனக்கு வெட்டுற வேலை மிச்சம். அந்த வீட்டுக்காரர் கருவியையே சுத்திச் சுத்தி வருவாரே, எப்படி நிறுத்தினே?"

"நான் நிறுத்தலை சார்."

"எத்தனை தடவை சொல்லியிருப்போம். காதுலயே போட்டுக்கலையே மனுஷன்."

"போட்டுக்கிட்டார் சார். தெரிஞ்சேதான் நடந்தார்."

"தெரிஞ்சேவா? எதுக்கு?"

அவள் திரையில் அசைவில்லாமல் நேராக ஓடிக்கொண்டிருந்த கோட்டையே பார்த்தாள்.

"'போன் பண்ணா நீ எடுக்க மாட்டே. இந்தக் கோட்டைத் தினமும் பாப்பியே, அப்பா நல்லாத்தான் இருக்கேன்னு தெரிஞ்சுக்கோ'ம்பார் சார்."