காணாமல் போன கடைசி அத்தியாயம்

"இன்னிக்கும் ஓடினீங்கன்னா நான் உங்களோட வீட்டுக்கு வரமாட்டேன். நேரா என் தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறிடுவேன்!"

பல் டாக்டரின் கிளினிக் வாசலிலேயே மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

நூலகர் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். வாயைத் திறந்தால் உயிர் போகிற வலி. இடது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. எதையும் மென்று சாப்பிட்டு ஒரு வாரமாகிறது.

ஏற்கெனவே இரண்டு தடவை இதே வாசல்வரை வந்து ஓடியவர். முதல் தடவை, அவசரமாக போன் வந்தது என்று சாக்குச் சொன்னார். இரண்டாவது தடவை சாக்குச் சொல்லக்கூட நிற்கவில்லை, குடையை விட்டுவிட்டே ஓடிவிட்டார். இனிமேலும் தள்ளிப்போட்டால் சீழ் தாடைக்குள் இறங்கிவிடும் என்று டாக்டரம்மா போனில் எச்சரித்திருந்தார்.

நூலகத்தில் மனிதர் வேறு ஆள். பக்கத்தின் முனையை மடித்தவர் யாராயிருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினால் கண்ணாலேயே எரித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட சிங்கத்துக்குத்தான், உள்ளேயிருந்து 'ர்ர்ர்' என்று மிஷின் சத்தம் கேட்டதும் கண் வாசல் பக்கம் போனது.

காத்திருப்போர் பெஞ்சிலிருந்து நைசாக எழுந்தார்.

"சார், உங்களுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. நேரமாகும். அதுவரைக்கும் இதைப் படிச்சிட்டு இருங்களேன்!" வரவேற்பில் இருந்த பெண் மெலிதான ஒரு துப்பறியும் நாவலை நீட்டினாள்.

புத்தகம் என்றால் அவர் கை தானாக நீளும். வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

கதையில் வந்த துப்பறிவாளருக்கு இருட்டு என்றாலே பயம். பாழடைந்த ஆலைக்குள் கொலைகாரனைத் தேடிப் போகவேண்டும். முழங்கால் நடுங்குகிறது. 'வந்துட்டியா பயமே? வா, பக்கத்துல உட்காரு. நான் என் வேலையைப் பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார்.

அட! பயப்படுகிறவன் கோழை என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தோம்? பயந்துகொண்டே ஒருத்தன் உள்ளே போகலாமா? நூலகர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் மிஷின் சத்தம் அவர் காதில் விழவில்லை. முன்னால் இருந்த இரண்டு பேரும் போய்விட்டு வந்ததையும் பார்க்கவில்லை.

துப்பறிவாளர் கொலைகாரனின் தோளைப் பிடித்துத் திருப்புகிறார். முகமூடியை இழுக்கிறார். அந்த முகம்...

பக்கத்தைத் திருப்பினார். பின்னட்டைதான் இருந்தது. கடைசி அத்தியாயத்தையே காணோம்!

"எவன் பண்ணின வேலை இது?" கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கத்தினார்.

"டாக்டரம்மாதான் சார் கிழிச்சாங்க."

"படிச்சவங்க செய்யற காரியமா இது? எங்கே அவங்க?"

"உள்ளேதான் இருக்காங்க."

மனைவி கையைப் பிடிப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"வாங்க சார். கடைசி அத்தியாயம்தானே?" டாக்டரம்மா மேசை டிராயரை இழுத்துக் காட்டினார். உள்ளே கிழித்தெடுத்த அத்தியாயங்கள், க்ளிப் போட்டுக் கட்டுக் கட்டாக இருந்தன.

"அடப்பாவமே! இத்தனை புத்தகத்தையா? உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?"

"எல்லாம் என் சொந்தப் புத்தகங்க சார். கிழிக்கும்போது எனக்கும் வலிக்கத்தான் செய்யுது. ஆனா, வாசலோட ஓடிப் போறவங்க அப்புறம் எந்தக் கதியில வர்றாங்கன்னு பார்த்திருக்கேன்." டாக்டரம்மா சாய்வு நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க. பல்லு வெளியே வரட்டும், கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சிக்கலாம்."

அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. கதவைத் திரும்பிப் பார்த்தார்.

'வந்துட்டியா பயமே? சரி, வா, பக்கத்துல உட்காரு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நாற்காலியில் ஏறிப் படுத்தார்.

சுருக்கென்று ஒரு ஊசி. கொஞ்ச நேரம் கழித்து ஒரு இழுப்பு.

"அவ்வளவுதான் சார்!"

வெளியே வந்தவரின் வாயில் பஞ்சு, கையில் கடைசி அத்தியாயம். மனைவியைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்து படித்தார். முடித்ததும் பஞ்சோடு சிரித்தார்.

"பல்லைப் பிடுங்கிட்டு வந்து சிரிக்கிற மனுஷனை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்று மனைவியும் நிம்மதியாகச் சிரித்தாள்.

ஆனால் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதன் பிய்ந்த ஓரத்தைத் தடவிப் பார்த்து டாக்டரம்மாவை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த வாரம், கனமான ஒரு பையோடு வந்து நின்றார். வரவேற்புப் பெண்ணுக்குத் திக்கென்றது. சண்டைக்கு வந்திருக்கிறாரோ?

"டாக்டரைக் கூப்பிடும்மா!"

டாக்டரம்மா வெளியே வந்தார். "என்ன சார், இன்னும் வலிக்குதா?"

"பல்லு வலிக்கலை. நீங்க கிழிச்ச லட்சணத்தை நினைச்சாத்தான் வலிக்குது!"

பையைத் திறந்து மேசைமேல் அடுக்கினார். அத்தனையும் துப்பறியும் நாவல்கள். வீட்டு அலமாரியில் வைத்து, கட்டின மனைவியைக்கூடத் தொடவிடாமல் அவர் காப்பாற்றி வந்தவை.

"இனிமே எதையும் பிய்க்காதீங்க. இதுல எல்லாத்துலயும் தையலைப் பிரிச்சு, கடைசி அத்தியாயத்தைத் தனியா எடுத்து, அழகா பைண்டு பண்ணி வச்சிருக்கேன். டிராயர்ல போட்டு வைங்க. யாரும் பக்கத்தை மடிக்காம மட்டும் பார்த்துக்குங்க!"