மாமியார் தொட்டுத் தந்த ஈரல்

கொரியாவின் குன்சான் நகரச் சந்தை முனையில், வண்டிக்கடையின் பிளாஸ்டிக் திரைக்குள் நீராவி தேங்கி நிற்கிறது. சாயங்கால வெயில் அதில் பட்டு மஞ்சளாகக் கலங்குகிறது. அகலச் சட்டியில் செக்கச்செவேலென்ற மிளகாய்க் குழம்பு தளதளக்க, விரல் பருமனுள்ள அரிசிக் கொழுக்கட்டைகள் அதில் புரள்கின்றன. பிலிப்பைன்ஸிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ரொவீனா ஒன்றைக் குத்தியெடுத்து வாயில் போட்டு, சூடு தாங்காமல் உதட்டைக் குவித்து ஊதுகிறாள். தெருவில் நின்று தின்பது மாமியாருக்கு ஆகாது. திரை விலகுகிறது. காய்கறிப் பையோடு மாமியாரே நிற்கிறாள். ரொவீனாவுக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கடைக்காரி ஓக்சுன் நிமிர்ந்து பார்க்காமலே, "வாங்கக்கா, எப்பவும்போல ஈரல் கொஞ்சம் கூடத்தானே?" என்று கத்தியை எடுக்கிறாள். வயிறு சரியில்லையென்று வீட்டில் கஞ்சி மட்டுமே குடிக்கும் மாமியாரின் காது மடல் சிவக்கிறது. ரொவீனா ஒருவழியாக விழுங்கிவிட்டு நகர்ந்து இடம்விடுகிறாள். "உள்ள வாங்கத்தே, காத்து அடிக்குது." மாமியார் உள்ளே வந்து திரையை இழுத்துவிட்டு, மருமகளின் தட்டை எட்டிப் பார்க்கிறாள். "இவ்வளவு காரம் தின்னுவியா நீ?" "தின்னுவேன்." "அப்ப உனக்குன்னு தனியா காரமில்லாம சமைச்சு சாகுறேனே, வாயைத் தொறந்து சொல்லக் கூடாதா?" "எனக்காக மெனக்கெட்டு செய்றீங்க, எப்படித்தே சொல்றது?" ஓக்சுன் நறுக்கி வைத்த அவித்த ஈரலில் மாமியார் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, உப்பில் தொட்டு, மருமகளின் வாய்க்கு நேராக நீட்டுகிறாள்.