திரும்பப் பெற்ற பாடம்

கடலோரத்திலிருந்த அந்தச் சிறிய தனியார் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் ரத்தானதும், அது மாணவர்களின் தலைக்குள் ஏற்றிய பாடங்களையெல்லாம் திரும்ப எடுக்க உத்தரவு வந்தது. பிலோமினா அங்கே படித்தது சைகைமொழி. காது கேளாத மகள் செலினுக்காகவே படித்தாள்.

"எம்புள்ளகிட்ட பேச எனக்கு வேற வழி கிடையாது சார்" என்று வீட்டுக்கு வந்த அலுவலரிடம் கெஞ்சினாள்.

"காலேஜே செல்லாதுன்னு ஆயிப்போச்சு. அது குடுத்த படிப்ப மட்டும் எப்படிம்மா விட்டுவைக்க முடியும்? வலிக்காது, கண்ண மூடுங்க."

வலிக்கவில்லை. அலுவலர் அவள் நெற்றியில் வைத்துப் பாடத்தை எடுத்த கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

சாயங்காலம் பள்ளியிலிருந்து செலின் அழுதுகொண்டே ஓடிவந்தாள். கன்னத்தில் யாருடைய விரல்களோ பதிந்திருந்தன. இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை, கைகளை வேகவேகமாக அசைத்து என்னவோ சொன்னாள்.

"யாருட்டி அடிச்சா? அம்மாகிட்ட சொல்லுட்டி!" என்று பிலோமினா கத்தினாள்.

அம்மாவுக்குப் புரியவில்லை என்று செலினுக்குத் தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து, கைக்குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொல்லிக் காட்டினாள். அம்மாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.