தூரிட்டின் மலைவீடு

கார் முகப்பில் விரித்த வீட்டு வரைபடத்தின் மேல் பனித்தூள் விழுகிறது. கட்டடக் கலைஞர் சிக்வார்ட் அதை ஊதிவிட்டு, தேவாலயத்தில் நிற்பவர்போல் குரலைத் தாழ்த்துகிறார். "மலைவீடுன்னா எளிமைதான், தூரிட். குழாய் வேண்டாம், ஓடையில மொண்டுக்கலாம். கழிப்பறை அதோ, அந்த மரத்துக்குப் பின்னாடி. ஒஸ்லோ பணக்காரங்க எல்லாரும் இப்படித்தான் கேக்கறாங்க." தூரிட் மரத்தைப் பார்க்கிறாள். அவள் பிறந்த வீட்டில் எட்டுப் பிள்ளைகள் முழங்காலளவு பனியில் கழிப்பறைக்கு வரிசையில் நின்றார்கள். "அவங்களுக்கு அது புதுசு. நான் பதினாறு வருஷம் அந்த எளிமையிலதான் இருந்தேன்," என்கிறாள். அவரிடமிருந்து பென்சிலை வாங்கி, வரைபடத்தில் கூடத்தில் குளிர்காயும் கணப்பை ஒட்டி ஒரு சதுரம் போடுகிறாள். "கழிப்பறையா? கணப்புப் பக்கத்துலயா?" "ஆமா. சூடான தரை, பெரிய ஜன்னல். நான் உள்ள உக்காந்திருக்கணும், பனி வெளியில நிக்கணும்."