பத்து நிமிடத் திருத்தம்

மல்லேஸ்வரம் ஆராய்ச்சி அலுவலகத்தில் கலைமதியின் அறிக்கையை அவளுடைய மேலதிகாரி நாராயணசாமி புரட்டினார். சுனாமி வந்து எட்டு மாதமாகியிருந்தது. அலை நடுக்கடலைக் கடந்தபோது மேலே போன செயற்கைக்கோள் கடல்மட்டத்தின் உயரத்தை அளந்திருந்தது. அதை வைத்து, கடலடித் தரை எங்கே, எவ்வளவு எழும்பியது என்று அவள் கணக்கிட்டிருந்தாள். அலை கரையைத் தொட்ட நேரமும் ஒத்துப்போனால் கணக்கு சரி.

“நாகப்பட்டினம் பக்கத்துக் குப்பத்துல அலை ஒன்பது அஞ்சுக்கு வந்ததுன்னு எழுதியிருக்கே. நீ ஒட்டியிருக்கிற போட்டோவுல, அங்க அலை புகுந்த வீட்டுக் கடிகாரம் ஒன்பதே கால்ல நின்னிருக்கே?”

“பத்து நிமிஷம் கழிச்சிருக்கேன் சார்.”

“உன் கணக்கும் ஒன்பது அஞ்சுதான். என்ன பொருத்தம்! ஏம்மா, இந்த ஊர்க்காரங்க கன்னடத்துல சொல்ற மாதிரி ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட்’ பண்றதெல்லாம் பஸ் சீட்டோட வெச்சுக்கோ. டேட்டாவுல செஞ்சா வேலை போயிடும்.”

“அந்தக் கடிகாரம் பத்து நிமிஷம் ஃபாஸ்ட் சார். அந்த வீட்டுப் பொண்ணு காலேஜ் பஸ்ஸை விட்டுடக் கூடாதுன்னு அவங்கம்மா முள்ளைத் தள்ளி வெச்சாங்க. பொண்ணு படிச்சு முடிச்ச பிறகும் மாத்தல.”

“கதையெல்லாம் வேணாம். அந்தம்மாகிட்ட எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வா.”

“அவங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது சார்.”

“அப்ப கைநாட்டு.”

“கடிகாரம் மட்டும்தான் சார் கிடைச்சது.”

நாராயணசாமி கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்தப் பொண்ணாவது இருக்காளா?”

கலைமதி மேசையிலிருந்த அவர் பேனாவை எடுத்தாள்.

“இருக்கேன் சார். எங்கே கையெழுத்துப் போடணும்?”