சத்தம் காட்டாமத் தள்ளுங்க!

"சத்தம் காட்டாமத் தள்ளுங்க! ஆபீசர் காதுல உழுந்துச்சுன்னா இந்த ஆளும் திரும்பிப் போயிருவாரு!"

லாரிக்குப் பின்னால் வந்து குசுகுசுத்தான் டிரைவர் செங்கோட்டையன். மேலக்காட்டு ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் பின்பலகையில் தோளைக் கொடுத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

தம்மம்பட்டிக்கு அந்தப் பக்கத்து மலை உச்சியில் இருக்கிறது மேலக்காடு. அங்கே போக இருப்பதெல்லாம் கல்லும் குழியுமாக ஒரு தடம். ரோடு கேட்டுப் போட்ட மனுவுக்கு இதற்கு முன் வந்த இரண்டு ஆபீசர்களும், முதல் வளைவைப் பார்த்ததுமே தலை சுற்றுகிறது என்று ஜீப்பைத் திருப்பிவிட்டார்கள். இந்த மூன்றாவது ஆபீசரையாவது பயம் தெரியாமல் ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். சேர்த்துவிட்டால் ரோடு வந்த மாதிரிதான் என்று செங்கோட்டையன் அடித்துச் சொல்லியிருந்தான்.

"நடத்தியே கூட்டிட்டுப் போலாம்னு அப்பவே சொன்னேன் சாமி. நாங்கெல்லாம் நடக்கலையா?" என்றாள் பெருமாயி, மூச்சு வாங்கிக்கொண்டே.

"சும்மா இருங்காத்தா! நம்மளைத் தேடி வந்த மனுசனை நடக்க உட்டா மரியாதையா? அதுவும் என் லாரி இருக்கறப்ப?"

பெருமாயி மறுபடி பலகையில் தோளைக் கொடுத்தாள். போன ஐப்பசியில் அவள் மகளைத் தூளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது, இதே வளைவில்தான் பேரன் பிறந்தான். இப்போது மருமகளுக்கு எட்டாம் மாதம். ரோடு வருமென்றால் லாரியை என்ன, மலையையே தள்ளுவாள்.

செங்கோட்டையன் ஓடிப்போய்ச் சீட்டில் ஏறினான்.

"ஏம்ப்பா, ஏன் நின்னுட்டே?" என்றார் ஆபீசர். ஒரு கையால் மடியில் இருந்த பையையும், மறு கையால் கதவையும் இறுகப் பிடித்திருந்தார்.

"ரேடியேட்டருக்குத் தண்ணி காட்டுனேனுங்க. சார், அந்தப் பக்கம் பாருங்க, கீழ எவ்வளவு பச்சையா இருக்குது!"

ஆபீசர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினான். பின்னால் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ள, லாரி உறுமிக்கொண்டு வளைவைத் தாண்டியது; தள்ளியவர்கள் ஓடிவந்து பின்னால் தொற்றிக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா சார்? பூ மாதிரி ஏறுது!"

"மழைக்காலத்துல ஏறுமா?"

மனுஷனுக்கு உள்ளுக்குள் உதறல் என்று நினைத்துக்கொண்டான் செங்கோட்டையன். பயத்தை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும்.

"மழையில இன்னும் சொகமா ஏறுமுங்க. மண்ணு மெத்து மெத்துன்னு இருக்குமுல்ல!"

"லோடு இருந்தா?"

"ஏழு டன் பலாப்பழம் ஏத்திக்கிட்டு வந்தாலும் முக்காது, முனகாதுங்க."

"ராத்திரியில யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா?"

"கண்ணைக் கட்டி உட்டாக்கூட ஓட்டிருவேனுங்க. நீங்க தைரியமா உக்காருங்க சார்!"

ஆபீசர் நிம்மதியாகத் தலையாட்டினார். கதவைப் பிடித்திருந்த கையையும் எடுத்துவிட்டார். செங்கோட்டையனுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த இரண்டு வளைவிலும் ரேடியேட்டர் தண்ணீர் குடித்தது. அடுத்த இரண்டு வளைவிலும் ஆபீசர் கீழே பச்சையைப் பார்த்தார்.

மேலக்காட்டில் மேளம் கொட்டி வரவேற்றார்கள். ஆபீசர் கழுத்தில் சாமந்தி மாலை விழுந்தது. ஊர்வரை வந்து சேர்ந்த முதல் சர்க்கார் ஆள் அவர்தான். பின்னாலிருந்து இறங்கியவர்களைப் பார்த்துத்தான் அவர் கொஞ்சம் திகைத்தார்.

"வண்டியில உக்காந்து வந்தவங்களுக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"சந்தோசமுங்க!" என்றான் செங்கோட்டையன்.

முழங்கையில் சிராய்ப்பும் முந்தானையெல்லாம் புழுதியுமாக நின்ற பெருமாயி, கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்கதான் சாமி மனசு வெக்கோணும்."

ஆபீசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கேக்க வேண்டியதையெல்லாம் வழியிலேயே டிரைவர்கிட்ட விசாரிச்சுட்டேன்மா. மழையிலயும் ஏறுதாம், ஏழு டன்னோடயும் ஏறுதாம், ராத்திரியில கண்ணைக் கட்டிவிட்டாலும் ஏறுதாம். இவ்வளவு நல்ல பாதை இருக்கிற ஊருக்குப் புது ரோடு எதுக்கு? அதை வேற ஊருக்குக் குடுத்துடலாம்."

மேளம் நின்றுவிட்டது. ஊரே திரும்பித் தன்னைப் பார்ப்பதைக் கண்ட செங்கோட்டையன், ஆபீசர் பக்கம் நகர்ந்து கேட்டான்:

"ஏனுங்க சார்... எறங்கறப்போ நடந்தே போயிரலாமுங்களா?"